சுங்கை சிப்புட்டில் பிள்ளையை எந்தத் தொடக்கப்பள்ளியில் சேர்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில் 19 ஆண்டுகள் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில், எல்பில், ஹீவூட், டோவன்பி என்று தோட்டங்கள் சூழ்ந்த ஊர் இது. பிள்ளைக்கு ஐந்து வயது ஆகிவிட்டால் பெற்றோருக்கு ஒரே கவலைதான்: எந்தப் பள்ளி? கோவில் திருவிழாவிலும் கிளினிக் வரிசையிலும் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் என்னை நிறுத்தி இதையே கேட்பார்கள். ஒருவரிடம் சொன்னதை அடுத்தவரிடம் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

எந்தப் பள்ளிக்கும் இங்கே மதிப்பெண் போடவில்லை. தலைமையாசிரியர் மாறினாலே இரண்டு ஆண்டுகளில் ஒரு பள்ளியின் முகம் மாறிவிடும். நீங்களே போய்ப் பார்த்து முடிவெடுக்க என்ன தெரிந்திருக்க வேண்டுமோ, அதைத்தான் சொல்கிறேன்.

டீச்சர், நம்ம ஊர்ல எத்தனை வகைப் பள்ளி இருக்கு? எல்லாமே அரசாங்கப் பள்ளிதானா?

மூன்று வகை. தேசியப் பள்ளி, அதாவது நாம் மலாய்ப்பள்ளி என்று சொல்வது. தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி. தேசிய வகைச் சீனப்பள்ளி. மூன்றிலும் கல்வி அமைச்சின் ஒரே பாடத்திட்டம்தான். பயிற்றுமொழி மட்டும் மாறும். தமிழ்ப்பள்ளியில் கணிதம், அறிவியல் போன்றவை தமிழில் நடக்கும். மலாயும் ஆங்கிலமும் எல்லாப் பள்ளியிலும் கட்டாயப் பாடம். மூன்றிலும் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கமே கொடுக்கிறது, பாடநூல்களும் இரவலாக இலவசமாகவே கிடைக்கும்.

நம் ஊரில் தமிழ்ப்பள்ளி என்றாலும் இரண்டு விதம் உண்டு. ஒன்று டவுன் பள்ளி. பின்னாளில் அமைச்சரான துன் வீ.தி. சம்பந்தன் எழுப்பி 1954இல் திறக்கப்பட்ட மகாத்மா காந்தி கலாசாலையை இந்த வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. மற்றது தோட்டத்துப் பள்ளிகள். பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் முதலாளி பள்ளி வைத்துத் தர வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னதால் வந்தவை அவை. நானும் அப்படி ஒரு பலகைக் கட்டடத்தில்தான் படித்தேன். என் அப்பா பால்மரம் வெட்டிவிட்டு, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்துவிட்டு, வரும் நேரமும் என் பள்ளி முடியும் நேரமும் ஒன்றாக இருக்கும்.

கட்டணம் எவ்வளவு? தமிழ்ப்பள்ளியில கட்டடத்துக்குக் காசு கேக்கிறாங்களே, அப்போ அது தனியார் பள்ளியா?

தனியார் பள்ளி இல்லை. 2012 முதல் பள்ளிக் கட்டணத்தை அரசாங்கம் நீக்கிவிட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் கேட்பது நன்கொடை. கொடுக்க முடிந்தால் கொடுங்கள், நல்ல காரியத்துக்குத்தான் போகிறது. முடியாவிட்டால் அதற்காகப் பிள்ளையைச் சேர்க்க மறுக்க யாருக்கும் உரிமை இல்லை.

பல தமிழ்ப்பள்ளிகள் அரசாங்க உதவி பெறும் பள்ளிகள். நிலம் தோட்ட நிறுவனத்தின் பேரிலோ பள்ளி வாரியத்தின் பேரிலோ இருக்கும். கட்டடச் செலவில் ஒரு பகுதியை அவர்கள்தான் திரட்ட வேண்டியிருக்கும். அதனால்தான் விருந்து, நன்கொடை டிக்கெட் என்று வருகிறது. இன்னொரு பக்கம், உங்களுக்கு வர வேண்டியதையும் கேட்டு வாங்குங்கள். 2023 முதல் வருமானம் பார்க்காமல் ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளி ஆண்டின் தொடக்கத்தில் 150 ரிங்கிட் உதவித்தொகை கொடுக்கிறார்கள். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆர்.எம்.டி. என்ற கூடுதல் உணவுத் திட்டம் மூன்று வகைப் பள்ளியிலும் உண்டு. கூச்சப்பட்டு அந்தப் பாரத்தை வாங்காமல் விட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எந்தப் பள்ளியில் என்ன ஏறும்?

எப்போ பதியணும்? இன்னும் வயசு இருக்கேன்னு விட்டுட்டேன்.

முதலாம் ஆண்டு தொடங்குவதற்கு முந்தைய ஆண்டிலேயே பதிய வேண்டும். கல்வி அமைச்சின் ஐடிமி இணையவாசலில் விண்ணப்பித்து, படிவத்தை அச்செடுத்து, பிள்ளையின் பிறப்புப் பத்திரம், பெற்றோரின் ஐ.சி. (அடையாள அட்டை), வீட்டு முகவரியைக் காட்டும் தண்ணீர் அல்லது மின்சார பில் ஆகியவற்றோடு பள்ளிக்குப் போக வேண்டும். வயதையும் தேதியையும் பற்றி அமைச்சு ஆண்டுதோறும் அறிவிப்பு வெளியிடும். பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் செய்ததை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பள்ளி ஆண்டே சில வருடங்கள் மார்ச், அப்புறம் பிப்ரவரி என்று நகர்ந்து, 2026இல்தான் மறுபடி ஜனவரிக்கு வந்தது.

தேதி தவறிவிட்டால் நேரே மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போங்கள். நமக்கு அது கோலகங்சார் மாவட்டத்தில் வருகிறது. தொடக்கக்கல்வி 2003 முதல் சட்டப்படி கட்டாயம். சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கட்டாயம் என்பதால் இடம் இல்லை என்று சொல்லி உங்களை வெறுங்கையோடு அனுப்பிவிட முடியாது. ஏதாவது ஒரு பள்ளியில் இடம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

தமிழ்ப்பள்ளியில போட்டா மலாய் வராதாமே? இடைநிலைப்பள்ளிக்குப் போனா திணறுவாங்கன்னு சொல்றாங்க.

என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது இதுதான். இந்தப் பயத்தில் உண்மையும் இருக்கிறது, மிகைப்படுத்தலும் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் மலாய் தினமும் கற்பிக்கப்படுகிறது. ஆனால் மணி அடித்து வெளியே வந்தால் திடலிலும் சிற்றுண்டிச்சாலையிலும் வேனிலும் தமிழ்தான் பேச்சு. தோட்டத்து லயத்தில் வளரும் பிள்ளைக்கு வீட்டுக்கு வந்தாலும் மலாய் காதில் விழாது. தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், மலாய்க்காரப் பிள்ளைகளோடு சைக்கிள் ஓட்டும் பிள்ளைக்கு இந்தக் கஷ்டம் பாதிகூட இல்லை. ஆகவே பள்ளியைக் குறை சொல்வதற்கு முன்னால் பிள்ளை எங்கே வளர்கிறது என்று பாருங்கள்.

மலாயில் அடைவுநிலை குறைந்த தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவர்கள் இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் 1க்கு முன் ஓர் ஆண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். மலாயில் பெராலிஹான் என்பார்கள். ஒழுங்காக நடந்தால் அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூடப் படித்தவர்கள் முன்னால் போய்விட்டார்களே என்ற வெட்கத்தில் படிப்பையே விட்ட பையன்களை எனக்குத் தெரியும். அதைத் தவிர்க்கும் வேலை ஆறாம் ஆண்டில் தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

என் மூத்த மகன் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். அறிக்கை அட்டையில் எல்லாம் திருப்தி என்றுதான் இருந்தது. ஒருநாள் கிளினிக்கில் ‘சிலா தாங்கால்கான் காசுட்’, அதாவது காலணியைக் கழற்றவும் என்ற பலகை தொங்கியது. வாசிக்கச் சொன்னேன். முதல் சொல்லோடு நின்றுவிட்டான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து தினம் ஒரு பக்கம் மலாய், என் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க வேண்டும் என்று வைத்தேன். கடையில் முட்டை வாங்குவது, மீதிக் காசு கேட்பது எல்லாம் அவன் வேலை, மலாயில். எட்டு மாதம் பிடித்தது. புகுமுக வகுப்புக்குப் போகாமல் நேரே படிவம் 1க்குப் போனான். தமிழ்ப்பள்ளியில் போட்டதற்காக நான் வருந்தியதே இல்லை. மூன்றாம் ஆண்டு வரை சோதித்துப் பார்க்காமல் இருந்ததற்குத்தான் வருந்துகிறேன்.

மலாய்ப்பள்ளியில போட்டா தமிழும் அங்கேயே சொல்லித் தருவாங்கதானே?

தருவார்கள் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளக் கூடாது. 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டப்படி, தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் நடத்தலாம். அந்த 15 பேரை யார் சேர்ப்பது என்பதில்தான் எல்லாம் நின்றுபோகிறது. சேர்த்த பிறகும் ஆசிரியர் கிடைக்க வேண்டும். வாரத்தில் சில பாடவேளை மட்டும் நடக்கும் தமிழால் பிள்ளை எழுத்துக்கூட்டக் கற்றுக்கொள்ளும். அதற்கு மேல் வீட்டில்தான் வளர்க்க வேண்டும்.

மலாய்ப்பள்ளியைத் தேர்ந்தெடுப்பது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். மலாய் சரளமாக வரும், இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது மொழி மாறாது, பல வீடுகளுக்கு அதுதான் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. முஸ்லிம் அல்லாத பிள்ளைகள் இஸ்லாமியக் கல்வி நேரத்தில் நன்னெறிக் கல்வி படிப்பார்கள். வகுப்பில் இரண்டு மூன்று தமிழ்ப் பிள்ளைகள்தான் என்றால் அந்தப் பாடம் எங்கே நடக்கிறது, ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா என்று கேளுங்கள். நூலகத்தின் ஓரத்தில் சும்மா உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளும் உண்டு, மிக நன்றாகக் கவனித்துக்கொள்ளப்பட்ட பிள்ளைகளும் உண்டு.

கணக்குக்குச் சீனப்பள்ளிதான் நல்லதுன்னு சொல்றாங்க. எங்க ரெண்டு பேருக்குமே சீனம் தெரியாது. போடலாமா?

சீனப்பள்ளியில் ஒழுங்கு இருக்கும், வீட்டுப்பாடம் இருக்கும், மனக்கணக்கில் பயிற்சி இருக்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கணக்குப் புத்தகமே மாண்டரினில்தான் இருக்கும். முதலாம் ஆண்டிலேயே எழுத்துகளைக் கோடு கோடாக எழுதிப் பழக வேண்டும். பிள்ளை இரவு எட்டு மணிக்கு ‘அம்மா, இது என்ன?’ என்று கேட்டால் சொல்லித்தர வீட்டில் ஆள் வேண்டும், இல்லாவிட்டால் தினமும் டியூஷன் வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். வீட்டுக்கே வந்து சொல்லித்தரும் பக்கத்து வீட்டு ஆண்டி இருந்தால் நிலைமையே வேறு. அப்படி ஒருவர் துணையில் மிக நன்றாக வந்த பிள்ளையை எனக்குத் தெரியும்.

போடுவதாக இருந்தால் சீனப் பாலர் வகுப்பிலிருந்தே தொடங்குங்கள். நேரே ஆண்டு 1இல் கொண்டுபோய் விடாதீர்கள். சும்மா முயற்சி செய்து பார்ப்போம், ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்வோம் என்ற நினைப்பும் வேண்டாம். அதன் விலை என்ன என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

யு.பி.எஸ்.ஆர். இப்போ இல்லையே. எந்தப் பள்ளி நல்ல பள்ளின்னு எதை வச்சு பார்க்கிறது?

ஆறாம் ஆண்டில் எழுதிய அரசாங்கத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021இல் நிறுத்தப்பட்டது. முன்பு பள்ளி வேலியில் ‘எல்லாப் பாடத்திலும் ஏ’ என்று பேனர் கட்டுவார்கள், நாமும் அதை எண்ணிவிட்டு முடிவெடுப்போம். அந்தப் பேனரில் இருந்தது மேலே இருந்த பத்துப் பிள்ளைகளின் கதை. கீழே இருந்தவர்களைப் பற்றி அது எதுவும் சொன்னதில்லை.

இப்போது ஆண்டு முழுவதும் வகுப்பறை மதிப்பீடு நடக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 6 வரை அடைவுநிலை கொடுப்பார்கள். 3 என்றால் குறைந்தபட்சத்தை எட்டிவிட்டது என்று பொருள். 1, 2 என்றால் உதவி தேவை. நான்காம் ஆண்டிலிருந்து ஆண்டின் முடிவில் ஒரு தேர்வும் உண்டு. ஆனால் வகுப்பறை அடைவுநிலையை அந்தந்த ஆசிரியர்தான் போடுகிறார். ஒரு பள்ளியில் 4 கொடுப்பதை இன்னொரு பள்ளியில் 3 என்று கொடுக்கலாம். உங்கள் பிள்ளை போன தவணையைவிட முன்னேறியிருக்கிறதா என்று பார்க்க அது உதவும். இரண்டு பள்ளிகளை ஒப்பிட உதவாது.

அப்போ பள்ளியை நேர்ல போய்ப் பார்த்தா எதைப் பார்க்கணும்? எங்களுக்குப் படிப்பு அவ்வளவா இல்லையே டீச்சர்.

படிப்பு தேவையில்லை, கண்ணும் காதும் போதும். முதலில் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நில்லுங்கள். கடைசிப் பிள்ளை போகும்வரை ஓர் ஆசிரியர் நிற்கிறாரா? அப்புறம் அனுமதி கேட்டு உள்ளே போய்க் கழிவறையைப் பாருங்கள். பெண்பிள்ளைகள் கழிவறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பதுண்டு. நூலகத்தில் போன வாரம் இரவல் போன புத்தகம் எது என்று கேளுங்கள். பூட்டியே கிடக்கும் நூலகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பிள்ளைக்குப் பயனில்லை.

அடுத்தது தலைமையாசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி. ‘ஐயா, மூன்றாம் ஆண்டு முடித்தும் சரியாக வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்கு என்ன செய்கிறீர்கள்?’ எல்லாப் பள்ளியிலும் அப்படிச் சில பிள்ளைகள் இருப்பார்கள். ‘ஏழு பேர், குறைநீக்கல் வகுப்புக்கு இந்த ஆசிரியர் வருகிறார், இந்த நாள்களில் நடக்கிறது’ என்று சொல்லும் தலைமையாசிரியரை நம்பலாம். ‘எங்கள் பள்ளியில் அப்படி யாரும் இல்லை’ என்று உடனே பதில் வந்தால் நான் இன்னொரு முறை யோசிப்பேன்.

ஏன் மூன்றாம் ஆண்டு? அதுவரை பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொள்கிறது. நான்காம் ஆண்டிலிருந்து வாசித்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். வரலாறு சேர்கிறது, அறிவியல் கனக்கிறது, கணிதத்தில் கேள்வியே மூன்று வரி நீளும். எழுத்துக்கூட்டித் திணறும் பிள்ளை அங்கிருந்து எல்லாப் பாடத்திலும் ஒருசேரப் பின்தங்கும். 2010இல் அரசாங்கம் லைனஸ் திட்டத்தைக் கொண்டுவந்ததும் மூன்றாம் ஆண்டுக்குள் எழுத்தும் எண்ணும் வந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான். ஆகவே அந்தப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு முடித்த தெரிந்த பிள்ளை இருந்தால், அதன் அம்மாவைக் கேட்டுக்கொண்டு, பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பிள்ளையை வைத்து முடிவு கட்டாதீர்கள், மூன்று நான்கு பேரைக் கேளுங்கள். பேனரைவிட அது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

தோட்டத்துப் பள்ளியில மொத்தமே இருபது முப்பது பிள்ளைங்கதான். அங்கே போட்டா பிள்ளை வீணாப் போயிடாதா?

150 பேருக்குக் குறைவான பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. தமிழ்ப்பள்ளிகளில் அப்படிப்பட்டவை நிறைய. ஒரு வகுப்பில் ஐந்தாறு பேர் என்றால் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் நோட்டையும் தினமும் பார்க்க முடியும். வாசிப்பில் பின்தங்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. டவுன் பள்ளியில் பின்வரிசையில் மறைந்துபோகும் பிள்ளையால் இங்கே மறைய முடியாது.

குறையும் உண்டு. 30 பேருக்கும் குறைவாக இருந்தால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைக்க வேண்டிவரலாம். ஓர் ஆசிரியரே மூன்று நான்கு பாடங்களை எடுப்பார். ஓர் ஆசிரியர் மகப்பேறு விடுப்பில் போனால் பள்ளியே ஆடிப்போகும். பந்து விளையாட ஆள் சேராது. பிள்ளைக்குப் போட்டி, கூட்டம், மேடை எல்லாம் பிடிக்கும் என்றால் பெரிய பள்ளி. கூச்சப்படும் பிள்ளை, மெதுவாகக் கற்கும் பிள்ளை என்றால் நான் தயங்காமல் சின்னப் பள்ளியைச் சொல்வேன், அங்கே இருக்கும் ஆசிரியர்கள் நல்லவர்களாக இருந்தால்.

வீடு தோட்டத்துல. டவுன் பள்ளிக்கு வேன் வருது. தூரம் ஒரு பிரச்சினையா?

வேன் முதல் வீட்டில் எப்போது ஏற்றும், கடைசி வீட்டில் எப்போது இறக்கும் என்று ஓட்டுநரைக் கேளுங்கள். தூரம் 10 கிலோமீட்டர்தான் இருக்கும், ஆனால் உங்கள் வீடு முதலில் என்றால் பிள்ளை ஒரு மணி நேரம் ஊரைச் சுற்றும். ஐந்து மணிக்கு எழும் ஏழு வயதுப் பிள்ளை பத்து மணிக்கு வகுப்பில் தூங்கும். புறப்பாட நடவடிக்கை உள்ள நாளில் வேன் காத்திருக்குமா என்பதையும் கேளுங்கள். காத்திருக்காததால் ஆறு ஆண்டும் எந்தக் கழகத்திலும் சேராமல் போன பிள்ளைகள் இருக்கிறார்கள்.

டி.எல்.பி. இருக்கிற பள்ளியில போட்டா ஆங்கிலம் நல்லா வருமா?

டி.எல்.பி. என்பது கணிதம், அறிவியல் போன்ற பாடங்களை ஆங்கிலத்தில் நடத்தும் இருமொழித் திட்டம். 2016இல் தொடங்கியது. தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றிலும் நடக்கிறது. ஆங்கிலத்தில் கொஞ்சம் பிடிப்புள்ள பிள்ளைக்கும், ஆங்கிலத்தில் தடுமாறாமல் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் அது பொருந்தும். இரண்டில் ஒன்று இல்லையென்றால் பிள்ளைக்கு ஆங்கிலமும் வராது, அறிவியலும் புரியாது. வீட்டில் பேசும் மொழியில் ஒரு கருத்தை முதலில் பிடித்துக்கொண்ட பிள்ளை, பிறகு எந்த மொழியிலும் அதைச் சொல்லும். நான் பாலர் வகுப்பில் தினமும் கண்டது இதுதான்.

பாலர் வகுப்பு எங்கே படிச்சதோ அதே பள்ளியிலதான் முதலாம் ஆண்டும் படிக்கணுமா?

கட்டாயம் இல்லை. ஐடிமியில் நீங்கள் தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதே பள்ளி என்றால் பிள்ளைக்கு இடம் பழகியிருக்கும், முதல் வாரம் அழுகை குறையும், அவ்வளவுதான்.

தமிழ்ப்பள்ளியை எல்லாம் மூடிடப் போறாங்கன்னு வாட்ஸ்அப்ல வருதே. நம்பிப் போடலாமா?

இரண்டு விஷயத்தைக் கலந்து பயப்படுகிறோம். ஒன்று சட்டம். 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில், தேசிய வகைப் பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்ற அமைச்சருக்கு அதிகாரம் தரும் பிரிவு இருந்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு எதிரானவை என்று தொடுத்த வழக்கை 2021இல் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை நிலைநிறுத்தியது.

இன்னொன்று பிள்ளைகளின் எண்ணிக்கை. நாடு சுதந்திரம் அடைந்த 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530ஐ ஒட்டித்தான் இருக்கின்றன. தோட்டம் கைமாறும், பால்மரம் போய்ச் செம்பனை வரும், குடும்பங்கள் தாமானுக்கு இடம்பெயரும், பள்ளியில் நாற்காலி காலியாகும். பிள்ளைகள் இல்லாத பள்ளியின் உரிமத்தை மக்கள் பெருகும் இடத்துக்கு மாற்றுவதும் நடக்கிறது. நீங்கள் பார்க்கும் பள்ளியில் இந்த ஆண்டு முதலாம் ஆண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், போன ஆண்டு எத்தனை பேர் என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வருவதைவிட அந்த எண் தெளிவாகப் பதில் சொல்லும். சட்டத்தைவிட அந்த எண்தான் எனக்குக் கவலை தருகிறது.

என் மகனுக்கு ஆறு வயசாகியும் பேச்சு சரியா வரலை. எந்தப் பள்ளி சேர்த்துக்கும்?

2019 முதல் சிறப்புத் தேவையுள்ள பிள்ளையை எந்த அரசாங்கப் பள்ளியும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை நடப்பில் இருக்கிறது. சில பள்ளிகளில் பி.பி.கே.ஐ. என்ற சிறப்புக் கல்வி வகுப்பு தனியாக உண்டு. ஆனால் அதில் சேர மருத்துவரின் உறுதிக் கடிதம் வேண்டும், மருத்துவமனைச் சந்திப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். ஆகவே இன்றைக்கே கிளினிக்கில் சொல்லி வையுங்கள். இந்த நிலையில் பள்ளியின் மொழி இரண்டாவது விஷயம். சிறப்பு வகுப்பும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் எங்கே இருக்கிறார்களோ அங்கே போங்கள்.

வளர வளரச் சரியாகிவிடும் என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டு இரண்டு ஆண்டு விட்டுவிடாதீர்கள். சில பிள்ளைகளுக்குச் சரியாகிறது. சரியாகாத பிள்ளைகளுக்கு அந்த இரண்டு ஆண்டு திரும்ப வருவதில்லை.

பிள்ளையோட பிறப்புப் பத்திரத்துல குடியுரிமை இல்லைன்னு இருக்கு. பள்ளியே கிடையாதா?

வழி இருக்கிறது. பெற்றோரில் ஒருவர் மலேசியராக இருந்தால் ஆவணம் முழுமையடையாத பிள்ளையையும் சேர்க்கும் நடைமுறை 2019இல் எளிதாக்கப்பட்டது. பள்ளியில் மறுத்தால் விவாதம் செய்யாமல் மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போங்கள். அதே வாரத்தில் தேசியப் பதிவு இலாகாவில் குடியுரிமை விண்ணப்பத்தையும் தொடங்குங்கள். கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல் கையில் இருக்கட்டும்.

வீட்டுக்காரர் மலாய்ப்பள்ளிங்கிறார், மாமியார் தமிழ்ப்பள்ளிங்கிறாங்க. நான் என்ன செய்யறது டீச்சர்?

இதைக் கேட்டுக் கண்கலங்கிய அம்மாக்கள் பலர். நான் சொல்வது ஒன்றுதான்: பிள்ளையோடு இரவில் உட்கார்ந்து பாடம் பார்க்கப் போவது யார் என்று மூன்று பேரும் பேசுங்கள். அந்த ஆளுக்கு எந்த மொழி வருகிறதோ, அதற்கு மற்றவர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். பாட்டி கதை சொல்லி, தாளை விரித்து எழுத்துப் பழக்குகிறவர் என்றால் தமிழ்ப்பள்ளி. அப்பா தொழிற்சாலை வேலை முடிந்து வந்து மலாயில் புத்தகம் வாசித்துக் காட்டுகிறவர் என்றால் மலாய்ப்பள்ளியிலும் பிள்ளை நன்றாக வரும். அப்போது தமிழ் எழுத்தைப் பாட்டி கவனித்துக்கொள்ளட்டும். யாருக்குமே நேரம் இல்லை என்றால், பிள்ளை ஏற்கெனவே பேசும் மொழியில் நடக்கும் பள்ளிதான் பாதுகாப்பு.

ஏற்கெனவே போட்டாச்சு. ரெண்டாம் ஆண்டு வந்தும் வாசிக்கத் தெரியலை. பள்ளியை மாத்திடலாமா?

உடனே மாற்றாதீர்கள், முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். கண் பரிசோதனை செய்துவிட்டீர்களா? பலகையே தெரியாமல் இரண்டு ஆண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை என் வகுப்பிலேயே படித்தது உண்டு. காது? அப்புறம் வகுப்பாசிரியரை நேரில் பார்த்து, குறைநீக்கல் வகுப்பில் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு தவணை வீட்டில் தினமும் ஒரு பக்கம் வாசிக்க வையுங்கள், நான் மகனோடு செய்தது போல.

ஒரு தவணைக்குப் பிறகும் அசைவே இல்லை, பள்ளியும் கண்டுகொள்ளவில்லை என்றால் மாற்றலாம். மாறப்போகும் பள்ளியில் இடம் இருக்க வேண்டும், விண்ணப்பத்தில் காரணம் தெளிவாக இருக்க வேண்டும். ஒரே மொழிக்குள் மாறினால், அதாவது ஒரு தமிழ்ப்பள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் போனால், பிள்ளை சில வாரத்தில் பழகிவிடும். சீனப்பள்ளியிலிருந்து தமிழுக்கோ, தமிழிலிருந்து மலாய்க்கோ மாறினால் படித்த எழுத்தையே விட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் என்றால் ஏறிவர முடியும். நான்காம் ஆண்டில் அப்படி மாற்றிய ஒரு பெண்பிள்ளை, எந்த மொழியிலும் ஒரு கடிதம் எழுத முடியாமல் படிவம் 1க்குப் போனது. இப்போது வாரத்தில் மூன்று மாலை என் வீட்டுக்கு வருகிறாள். தமிழிலிருந்துதான் தொடங்கியிருக்கிறோம். ‘அ’விலிருந்து இல்லை, அவளுக்குப் பிடித்த மீன் வளர்ப்புப் பற்றிய சின்னப் புத்தகத்திலிருந்து. இப்போது ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறாள்.